கண்ணாடிப் பேழைக்குள் குரல்: பகானினியின் வயலினும் 'காத்தல்' என்னும் சொல்லும்

இத்தாலியின் ஜெனோவா நகரில் துர்சி மாளிகை என்றொரு பழைய கட்டடம் உள்ளது. மாநகராட்சி அலுவலகமும் அருங்காட்சியகமும் அங்கு ஒருங்கே இயங்குகின்றன. 2006ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற தெருவில் அம்மாளிகை அமைந்துள்ளது. அதன் அறை ஒன்றில் கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் வயலினைக் காணவே பலர் வருகின்றனர். கிரெமோனா நகரில் 1743இல் ஜுசெப்பே குவார்னேரி செய்த வயலின் அது. நிக்கோலோ பகானினி (1782-1840) ஏறத்தாழ நாற்பதாண்டுகள் வாசித்தது. ஒலியின் வலிமை கருதி அவர் அதனைத் தம் 'பீரங்கி' என்று அழைத்தார். இத்தாலிய மொழியில் 'கனோனே' என்னும் அச்செல்லப் பெயரே இன்று அதன் பெயராகிவிட்டது.

இக்கருவி பற்றிய எழுத்துகள் மிகப்பல. அவற்றுள் பெரும்பாலானவை வாசித்தவனின் புகழைப் பாடுபவை; எஞ்சியவை மரத்தின் தடிமனையும் மெருகின் நிறத்தையும் அளப்பவை. இவ்விரண்டிற்கும் இடையில் திறனாய்வு கேட்க வேண்டிய வினா ஒன்று கேட்கப்படாமலே நிற்கிறது. இசைக்கலைஞன் ஒருவனின் கருவியைக் காட்சிக்கு வைக்கும்போது காக்கப்படுவது எது? மரமா, ஒலியா, அவன் பெயரா? ஒரு பனுவலை எவ்வாறு வாசிக்க வேண்டுமோ அவ்வாறே இக்காட்சிப் பொருளையும் வாசித்து இவ்வினாவிற்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

இம்முயற்சியில் தமிழாய்வாளர்க்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. பழந்தமிழரின் யாழ்களுள் ஒன்றேனும் இன்று நம் கையில் இல்லை. இருப்பவை சொற்களே. பொருநராற்றுப்படையின் புலவர் யாழின் பத்தரை மானின் குளம்படிச் சுவட்டிற்கும், அதன்மேல் போர்த்த தோலின் நிறத்தை விளக்கின் சுடருக்கும் ஒப்பிட்டு, உறுப்புறுப்பாக வருணித்துச் செல்கிறார். இத்தகைய வருணனைகளையும் சிலப்பதிகாரத்தின் இசைச் செய்திகளையும் கணக்கிட்டே விபுலானந்த அடிகள் யாழ்களின் அமைப்பை மீட்டுரைத்தார். அவருடைய யாழ்நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. சொல்லிலிருந்து கருவியை மீட்ட ஆய்வு அது. ஜெனோவாவில் நிலைமை நேர்மாறானது. அங்குக் கருவி முழுமையாக உள்ளது. அதை வாசித்தவனின் ஒலி மட்டும் ஒரு நொடியளவும் எஞ்சவில்லை. ஒலிப்பதிவு தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே பகானினி மறைந்துவிட்டார். யாழைப் போலவே அவருடைய வாசிப்பும் இன்று சொல்லாகவே வாழ்கிறது. ஆதலின் கருவி கண்முன் இருக்கிறது என்பதனாலேயே சான்று முழுமை பெற்றுவிட்டதாகக் கொள்ளுதல் இயலாது.

செய்தவனும் வாசித்தவனும்

குவார்னேரி (1698-1744) 'டெல் ஜெசு' என்னும் அடைமொழியால் அறியப்படுபவர். தம் கருவிகளின் உட்புறச் சீட்டில் இயேசுவின் பெயர்க்குறியையும் சிலுவையையும் பொறித்தமையால் அப்பெயர் வந்தது. கனோனே அவர் மறைவிற்கு முந்தைய ஆண்டில் உருவானது. அவருடைய இறுதிக்காலக் கருவிகளில் அந்தோனியோ ஸ்திராதிவாரியிடம் காணும் சீரான நேர்த்தி இல்லை. ஒலித்துளைகள் இருபுறமும் ஒத்திரா. தலைச்சுருளில் உளியின் தடம் தெரியும். விரைந்து செய்த கை அது. நேர்த்தியையே அளவுகோலாகக் கொண்ட வாங்குவோர் நெடுங்காலம் அவரை இரண்டாம் நிலையிலேயே வைத்திருந்தனர். பகானினி இவ்வயலினை உலக மேடைகளில் ஏற்றிய பின்னரே குவார்னேரியின் மதிப்பும் உயர்ந்தது. எனினும் பொதுவழக்கில் இது 'பகானினியின் வயலின்' என்றே வழங்குகிறது. பாட்டுடைத் தலைவனின் பெயர் நிலைத்துப் பாடியவன் பெயர் மங்கிய பழம்பாடல்களின் நிலையைத் தமிழறிஞர் இங்கு நினைவுகூரக்கூடும்.

பகானினியின் கைக்கு இது வந்த கதையும் புனைவின் சாயல் உடையது. லிவோர்னோ நகரில் கச்சேரிக்கு வந்த இளைஞரிடம் வயலின் இல்லை. சூதாட்டத்தில் அதனை இழந்திருந்தார். இசையார்வம் மிக்க பிரெஞ்சு வணிகர் ஒருவர் தம் குவார்னேரியை இரவலாகத் தந்தார். கச்சேரி முடிந்தபின் இனித் தம் விரல் அதன்மேல் படக்கூடாது எனக் கூறித் திரும்பப் பெற மறுத்துவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்ததாக மரபுவழி உரைக்கப்படும் செய்தி இது. இக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. கருவியின் உரிமை விலையால் மாறவில்லை, வாசிப்பால் மாறியது. வாசிக்கத் தகுந்தவனே உடையவன் என்னும் கருத்து கதையின் உள்ளுறையாக நிற்கிறது. பின்னர் அவரே அக்கருவியை வாசிக்கும் ஒருவருக்கு அளிக்காமல் ஒரு நகரத்திற்கு எழுதிவைத்தார் என்பதனை நோக்கும்போது இக்கதையின் கனம் கூடுகிறது.

செவிடன் வரைந்த படம்

ஒலி எஞ்சாத நிலையில் அதைப் பற்றிய சொல் எத்தகையது என்பதை ஹைன்ரிஷ் ஹைனேயின் எழுத்தில் காணலாம். 1830இல் ஹாம்பர்க் நகரில் நடந்த பகானினியின் கச்சேரியை மையமாகக் கொண்டு, 'புளோரன்ஸ் நகர இரவுகள்' என்னும் உரைநடைப் படைப்பில் அவர் நெடிய பகுதி ஒன்றை எழுதினார். 1836இல் வெளியான படைப்பு அது. அதில் கதை சொல்லும் மாந்தனுக்கு ஒவ்வோர் ஒலியும் ஓர் உருவமாகத் தோன்றுகிறது. வாசிக்க வாசிக்க மேடை மறைகிறது. இசைஞன் காதலனாகவும், விலங்கு பூண்ட கைதியாகவும், துறவியாகவும், முடிவில் வானக் கோள்களுக்கு நடுவே நிற்கும் மாபெரும் உருவமாகவும் மாறுகிறான். ஒலியைச் சொல்லவந்த எழுத்து காட்சியையே சொல்லி முடிகிறது.

அதே பகுதியில் ஹைனே கூறும் மற்றொரு செய்தி இங்குப் பெரிதும் கருதத்தக்கது. பகானினியின் தோற்றத்தை உள்ளவாறு தாளில் பிடித்தவர் ஒருவரே. அவர் லீசர் என்னும் ஓவியர். அவருக்குக் காது கேளாது. ஹைனேயின் வழக்கமான எள்ளல் இதில் கலந்திருப்பினும், அருங்காட்சியகத்தில் பேழைமுன் நிற்பவனின் நிலையை இதைவிடச் சுருங்கச் சொல்லிவிட முடியாது. அவனும் கேளாத காதுடன் காண்பவனே. காணல் ஒன்றே அவனுக்கு வாய்த்தது. ஆயின் காண்பதற்கு அங்கு என்ன இருக்கிறது?

ஒரு தேய்மானம் இருக்கிறது. வயலினின் மேற்பலகையில் முகவாய் படும் பகுதியில் மெருகு அழிந்து மரம் வெளிப்பட்டுள்ளது. முகவாய்த் தாங்கி என்னும் துணையுறுப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் புழக்கத்திற்கு வந்தது. பகானினி அதனைப் பயன்படுத்தவில்லை; கருவியைத் தம் தாடையாலேயே பற்றினார். அத்தேய்மானம் ஆண்டுக்கணக்கில் உராய்ந்த தோலும் வியர்வையும் எழுதிய வரி. அவர் மீது கட்டப்பட்ட புனைவுகள் பல. சாத்தானுடன் உடன்படிக்கை செய்தார் என்றனர். சிறையில் இருந்தபோது ஒற்றை நரம்பில் பழகினார் என்றனர். அச்சிறைக் கதையை மறுத்து 1831இல் பாரிசின் இசை இதழொன்றில் அவரே மடல் வெளியிட நேர்ந்தது. புனைவுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டால், உழைப்பின் சான்றாக எஞ்சுவது அந்த அழிந்த மெருகே. அதை வார்னிஷ் பூசிச் சரிசெய்யாமல் விட்டது காத்தலின் மிக நல்ல பகுதி என்று சொல்லத் தடையில்லை.

ஒலியைப் பொறுத்தவரை இத்தகைய சான்று கிட்டுவதில்லை. வயலினின் ஒலியை வரையறுக்கும் உறுப்புகளுள் பல நிலையானவை அல்ல. நரம்பு ஒருசில மாதங்களில் மாறும். குதிரை மாறும். பகானினியின் காலத்தில் விலங்குக் குடலால் ஆன நரம்புகளே வழங்கின; அவற்றின் இழுவிசையும் இன்றைய நரம்புகளின் இழுவிசையும் ஒன்றல்ல. நிலைத்திருப்பது பெட்டி, அப்பெட்டியும் செப்பனிடப்பட்டதே. பகானினி தாமே 1833 அளவில் அதனைப் பாரிசில் பழுதுபார்க்கக் கொடுத்தார். ஜெனோவா நகரமும் 1937இல் செசாரே காந்தி என்னும் கைவினைஞரைக் கொண்டு செப்பனிட்டது. ஆகவே இன்று கனோனேயை ஒருவர் வாசிக்கும்போது பகானினியின் ஒலி கேட்கிறது என்று செய்தித்தாள்கள் எழுதுவது அன்பின் மிகுதியேயன்றி உண்மையன்று.

விருப்பமுறியின் ஒரு சொல்

பகானினி 1837இல் எழுதிய விருப்பமுறியில் இவ்வயலினைத் தாம் பிறந்த ஜெனோவா நகருக்கு உரிமையாக்கினார். என்றென்றும் காக்கப்படும் பொருட்டு அவ்வாறு செய்வதாகக் காரணமும் குறித்தார். மகன் அக்கில்லே வழியாக 1851இல் அது நகரை அடைந்தது. இவ்விடத்தில் ஒரு முரண் உண்டு. 1840இல் நீஸ் நகரில் இறந்த பகானினிக்கு அந்நகரின் ஆயர் திருச்சபை அடக்கத்தை மறுத்தார். அவர் உடல் இடம் விட்டு இடம் மாறி, 1876இல்தான் பார்மாவின் கல்லறைத் தோட்டத்தை அடைந்தது. கருவி பதினோராண்டில் ஊர் சேர்ந்தது; உடல் முப்பத்தாறாண்டுகள் அலைந்தும் பிறந்த ஊரைச் சேரவில்லை. கடைசி ஆண்டுகளில் பகானினிக்குப் பேச்சும் அற்றுப்போயிற்று. இதழசைவைக் கண்டு மகன் பொருளுரைத்தான். குரலிழந்த ஒருவரின் உடைமையாகத்தான் வயலின் நகருக்கு வந்து சேர்ந்தது.

'காத்தல்' என்னும் சொல்லுக்குப் பொருள் உரைப்பதே அதன்பின் நகரத்தின் வேலையாயிற்று. ஒருவகைப் பொருள், எவரும் தொடாமல் வைத்தல். மற்றொரு வகை, வாசித்து வைத்தல். வாசிக்காத வயலின் 'உறங்கிவிடும்' என்பது கைவினைஞரிடையே வேரூன்றிய நம்பிக்கை. அறிவியல் சான்று இதற்கு உறுதியாக இல்லை. எனினும் கருவியை அவ்வப்போது ஒலிக்கச் செய்யும் வழக்கத்திற்கு இந்நம்பிக்கையே நெடுங்காலம் அரணாக நின்றது. பகானினியின் மாணவர் கமில்லோ சிவோரி அதனை வாசித்தார். 1903இல் புரோனிஸ்லாவ் ஹூபர்மான் வாசித்தார். 1954இல் பகானினி பெயரால் பன்னாட்டு வயலின் போட்டி தொடங்கப்பட்டது. வென்றவர்க்கு இக்கருவியை வாசிக்கும் வாய்ப்பு அளிப்பது அதன் சிறப்பு. 1958இல் வென்ற சால்வத்தோரே அக்கார்தோ, 1969இல் வென்ற கிடன் கிரெமர், 1988இல் வென்ற லியோனிதாஸ் கவாகோஸ் ஆகியோர் பெயர்கள் அவ்வரிசையின் தரத்தைக் காட்டப் போதும்.

இவ்வேற்பாட்டைச் சிலர் இரு தரப்பையும் மனநிறைவு செய்யும் சமரசம் என்பர். அக்கருத்து பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு வாசிப்பும் தேய்மானமே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தேய்மானத்தைக் குறையாகக் கொண்டால் முகவாய் பட்ட இடத்தின் அழிந்த மெருகையும் குறையாகவே கொள்ள வேண்டும். பகானினியின் தேய்மானம் அரும்பொருள், பிறர் தேய்மானம் சேதம் என்று வகுப்பது, ஒரு நூலுக்கு முதல் உரையாசிரியரோடு உரை முடிந்தது என்று கூறுவதை ஒக்கும். அளவறிந்து வாசிக்கவிடும் நகரம், தன் விருப்பமுறிக்குத் தொடர்ந்து உரை எழுதுகிறது.

அவ்வுரையின் எல்லை எங்கே நின்றது என்பது 2001இல் வெளிப்பட்டது. அமெரிக்காவில் அவ்வாண்டு செப்டம்பர் 11இல் நிகழ்ந்த தாக்குதலை அடுத்து, ஒருமைப்பாட்டின் அடையாளமாக ரெஜினா கார்ட்டர் என்னும் ஜாஸ் வயலின் கலைஞர் அழைக்கப்பட்டார். டிசம்பரில் அவர் கனோனேயை வாசித்தார். ஜாஸ் கலைஞர் ஒருவரும் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவரும் அதனைக் கையிலெடுத்தது அதுவே முதன்முறை. ஜாஸ் இசைக்கு இக்கருவி தரப்படுவதை விரும்பாத குரல்கள் எழுந்தன. அக்குரல்களில்தான் 'காத்தல்' என்னும் சொல்லின் மறைபொருள் வெளிவந்தது. மரத்தைப் பொறுத்தவரை ஜாஸ் வேறு, செவ்விசை வேறு அன்று. வில் நரம்பில் உரசும் விசைக்கு இசைமரபு தெரியாது. பகானினியின் சொந்த உருப்படிகள் அக்கருவியிடம் கேட்கும் வன்மையை வேறெவரும் எளிதில் கேட்டுவிட முடியாது. ஆதலின் அஞ்சியது மரத்திற்காக அன்று. காக்கப்பட்டதாக அவர்கள் எண்ணியது ஒரு மதிப்பு, ஒரு படிநிலை. இன்ன இசையே இதற்குத் தகும் என்னும் எழுதாத விதி. சூதாடியாகவும், சாத்தானின் கூட்டாளியாகவும் தூற்றப்பட்டு, அடக்கத்திற்கு இடமும் மறுக்கப்பட்ட ஒருவரின் கருவிக்கு இத்தகைய தூய்மை கற்பிக்கப்பட்டது வரலாற்றின் விந்தை.

படியும் மூலமும்

துர்சி மாளிகையில் மற்றொரு வயலினும் உள்ளது. பகானினி தம் கருவியைப் பாரிசில் பழுதுபார்க்கக் கொடுத்தபோது, ழான் பத்தீஸ்த் வூயியோம் என்னும் கைவினைஞர் அதனை அளந்து அதேபோல் ஒன்று செய்தார். இரண்டையும் ஒருசேர வைத்தபோது எது தம்முடையது எனக் கண்ணால் அறியப் பகானினியே தடுமாறினார் என்பர். அப்படி பின்னர்ச் சிவோரியின் உடைமையாகி, அவர் வாழ்நாள் முழுதும் அவரது மேடைக் கருவியாக விளங்கி, அவர் பெயராலேயே இன்று அறியப்படுகிறது. காண வருவோர் அதனிடம் நெடுநேரம் நிற்பதில்லை. போலி என்றோ நிகரி என்றோ எண்ணிக் கடந்துவிடுகின்றனர்.

ஏட்டுச்சுவடி மரபில் பயின்றோர் அவ்வாறு கடத்தல் கூடாது. பனையோலை சில நூற்றாண்டுகளில் உளுத்துப்போகும் பொருள். படியெடுத்தலே அங்குக் காத்தல். பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதப்பட்டது. சிதைந்த பழஞ்சுவடியை ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. நமக்குக் கிடைத்துள்ள சங்கப் பாடல்களின் ஏடுகளுள் புலவன் கை பட்டது ஒன்றும் இல்லை; எல்லாம் படியின் படியே. படியெழுதியோரின் பிழையும் திருத்தமும் பாடவேறுபாடுகளாக நம்மை வந்தடைந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு எந்தப் பதிப்பாசிரியரும் மூலத்தை அணுக முடிவதில்லை. அந்நோக்கில் சிவோரியின் வயலின் 1833 அளவில் எடுக்கப்பட்ட ஒரு பாடம். அன்றைய நிலையில் கனோனே எவ்வாறு இருந்தது என்பதைத் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் மரத்திலேயே எழுதிவைத்த குறிப்பு அது. மூலக்கருவி அதன்பின் செப்பனிடப்பட்டுள்ளது என்பதனை நினைத்தால், சில கூறுகளில் படி மூலத்திற்குச் சான்று கூற வல்லது என்பதும் பெறப்படும். வூயியோம் கண்டதைச் செய்தாரா, தம் காலச் சுவைக்கேற்பத் திருத்திச் செய்தாரா என்பது தனியே ஆராயத்தக்கது. பாட ஆய்வில் படியெழுதியோனைப் பற்றி எழும் வினாவும் இதுவே.

2024 மார்ச்சில் பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் ஆய்வு நிலையத்திற்குக் கனோனே எடுத்துச் செல்லப்பட்டு, ஊடுகதிரால் அதன் உட்கூறுகள் படம்பிடிக்கப்பட்டன. மரத்தின் நிலையையும் ஒட்டுகளின் உறுதியையும் கருவிக்கு ஊறின்றி அறிவதே நோக்கம். குவார்னேரியின் ஒட்டும் பின்வந்தோரின் ஒட்டும் அங்கு ஒரே படத்தில் அமைகின்றன. அருங்காட்சியக விளக்கங்களில் ஒரு வரியும் பெறாத பழுதுபார்ப்போர்க்கு அப்படம் இடம் அளித்துள்ளது. கலைஞன் பெயரை மட்டும் கேட்டு நின்ற ஆய்வு, கைவினைஞர் வரிசையையும் கேட்கத் தொடங்குவதற்கு இது உதவக்கூடும்.

ரெஜினா கார்ட்டர் ஜெனோவாக் கச்சேரிக்குப் பின்னர் மீண்டும் அக்கருவியை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 2003இல் வெளிவந்த அதன் தலைப்பில் பகானினியின் பெயர் உள்ளது. உள்ளே ரவேல், தெபுசி, போரே, பியாசொல்லா ஆகியோரின் உருப்படிகள் உள்ளன. நால்வருமே பகானினி மறைந்த பின்னர்ப் பிறந்தவர்கள்.